முதல் வரியில் ஊர்

எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் பாதி இடங்களில் எனக்குக் காது அடைத்துத்தான் இருந்தது. பாட்டுக் கேட்பதில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த ஒருத்திக்கு இது வெட்கக்கேடு, தெரியும்.

வன்னியில், மாங்குளம் சந்தியில் எனக்கு ஒரு கொம்யூனிகேசன் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி, லமினேற், போனுக்கு ரீலோட், பதிவுத் திருமண விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, பஸ் பிந்தினால் வந்து நிழலுக்கு நிற்கிறவர்களின் புலம்பலைக் கேட்பது எல்லாம் என் வேலை. மிச்ச நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உலகத்தில் யாரும் கேள்விப்படாத றொக் இசைக்குழுக்களைத் தேடிக்கொண்டிருப்பேன். பெரிய கம்பனி எதுவும் பின்னால் இல்லாமல், தாங்களே எழுதி, தாங்களே வாசித்து, யாரோ ஒருவரின் அறையில் பதிவுசெய்து இணையத்தில் போட்டுவிட்டு, யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்கள். அவர்களைக் கண்டுபிடித்து வெள்ளிக்கிழமைக்கு ஒரு குழு என்று முகநூலில் எழுதுவேன். பக்கத்தின் பெயர் ‘கேட்டுப்பார்’. இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பேர் பின்தொடர்கிறார்கள். அதில் பாதிப்பேர் என் கடைக்குக் கொப்பி எடுக்க வந்தவர்கள் என்பதையும் மறைக்கவில்லை.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்பார்கள். இரண்டாயிரத்துப் பதினொன்றில் கண்ணிவெடி அகற்றும் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் தட்டச்சு செய்யப் போனேன். அங்கே இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பென்டிரைவை என் மேசையில் விட்டுவிட்டுப் போனார். கோப்புகள் என்று நினைத்துத் திறந்தால் எண்ணூறு பாட்டுகள். ஒரு குழுவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. சும்மா கத்துகிறார்கள் என்றுதான் முதல் நினைத்தேன். மூன்றாம் நாள் ஒரு பாட்டில் ஒரு பெண் கத்தியபோது, எனக்கு வயிற்றுக்குள் இருந்த ஏதோ ஒன்று அவளுடைய வாயால் வெளியே வந்தது. அன்றைக்குப் பிடித்தது.

நான் எழுதுவதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். முதல் வரி: ஊர். இரண்டாம் வரி: ஆட்கள். மூன்றாம் வரி: முதலில் கேட்க வேண்டிய பாட்டு. பிறகு நான் திட்டுவதோ புகழ்வதோ. ஊரை முதலில் போடுவதில் எனக்குப் பெருமை. மீன்பிடிக் கிராமத்திலிருந்தும் நிலக்கரிச் சுரங்கத்துப் பட்டணத்திலிருந்தும் இப்படிப் பாடுகிறார்கள், நீங்கள் இன்னும் படப்பாட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே என்று எங்கள் சனத்துக்கு உறைக்க வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு வருகிற இசைக்குழுக்களை நீங்கள் கேட்டிருந்தால் என் கோபம் விளங்கும். ஒரே பதினைந்து படப்பாட்டு, ஒரே கறுப்புக் கண்ணாடி, ஒரே ‘கைதட்டல் காணாது, இன்னும் தட்டுங்கோ’. வருசம் மாறும், கண்ணாடி மாறாது.

மாசியில் ஒரு நாள் ரூபன் என்ற பெடியன் ஒற்றைத் தாள் ஒன்றைக் கொப்பி எடுக்க வந்தான். கையெழுத்து. மேலே ‘பவுசர்’ என்று தலைப்பு, ஓரத்தில் கிற்றார் ஸ்வரக் குறிப்புகள். மெசினில் வைக்கும்போது வாசித்துவிட்டேன். வாசிக்காமல் இருக்க நான் என்ன முனிவரா?

*பவுசர் வருது பவுசர் வருது*
*வாளி எடுத்து நில்லு*
*எங்க வீடு கடைசி வீடு*
*தீந்து போச்சின்னு சொல்லு*

“இது ஆர் எழுதினது?”

“நாங்கதான் அக்கா. நானும் தங்கச்சியும். இன்னொரு பெடியன் ட்ரம்ஸ் அடிக்கிறான்.” பயத்தோடு பார்த்தான். “ஏனக்கா, கொப்பி எடுக்கேலாதோ?”

“எடுக்கலாம். எங்க வாசிக்கிறனீங்கள்?”

செல்வநாயகம் சவுண்ட் சேர்விஸில் அவன் வேலை செய்தான். மேடை கட்டுவது, வயர் இழுப்பது, வேப்பமரத்தில் ஏறி ஸ்பீக்கர் குழாய் கட்டுவது. செல்வநாயகம் என் அம்மாவுக்குத் தூரத்துச் சகோதர முறை, எனக்கு மாமா. கோயில் நிர்வாகத்தின் செயலாளரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஸ்டோரில் இருக்கிற ட்ரம்ஸையும் ஸ்பீக்கர் பெட்டிகளையும் தொட்டுப் பழக அவர் அனுமதித்திருந்தார். நல்ல மனம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு போனேன். தகரக் கூரைக்குக் கீழே வேர்த்து ஒழுகிக்கொண்டு மூன்று பேர். ரூபன் கிற்றாரும் பாட்டும். அவனுடைய தங்கை ரஜிதா உடுப்புத் தைக்கிற காமன்ற் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள், பேஸ் கிற்றார். மேசன் வேலை செய்கிற சுமன் ட்ரம்ஸ். குழுவுக்குப் ‘பீலி’ என்று பெயர். மலையகத்தில் தண்ணீர் பிடிக்கிற குழாயடிக்கு அப்படிச் சொல்வார்களாம், ரஜிதா சொன்னாள். அவர்கள் மூன்று பேரும் மலையகத்தைக் கண்ணால் கண்டதில்லை. அந்தச் சொல் மட்டும் வீட்டில் மிச்சம் இருந்தது.

வாசித்தார்கள். கிற்றார் பரவாயில்லை ரகம், சுமன் தாளத்தில் நிதானமில்லாமல் ஓடினான், பேஸ் மட்டும் அசையாமல் நின்றது. ஆனால் அந்தப் பாட்டு! செவ்வாய்க்கிழமை தண்ணீர் பவுசர் வரும், எல்லா வீட்டுக்கும் ஊற்றிக்கொண்டு வரும், கடைசிக் குடியிருப்புக்கு வரும்போது தீர்ந்திருக்கும், சாரதி கையை விரிப்பான். அவ்வளவுதான். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. ‘தீந்து போச்சின்னு சொல்லு’ என்று ரூபன் நாலாவது தடவை கத்தியபோது அது கேள்வியும் இல்லை, முறைப்பாடும் இல்லை. சாரதியின் சட்டைக் கொலரைப் பிடித்த கை. பதினாலு வருசமாக உலகம் முழுக்கத் தேடினேன், என் கடையிலிருந்து ஒன்பது மைல் தூரத்தில் இது இருந்திருக்கிறது. சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று பின்னேரமே மாமாவிடம் போனேன். பங்குனியில் எங்கள் அம்மன் கோயில் திருவிழா. பூங்காவனம் என்கிற கடைசி நாளுக்கு வழமைபோல யாழ்ப்பாணத்து இசைக்குழு வருகிறது. அதற்கு முன் இருபது நிமிடம் இந்தப் பிள்ளைகளுக்குத் தாருங்கள் என்று கேட்டேன்.

“நம்மட ரூபனோ? பாடுவானோ?” என்று சிரித்தார். “சரி பிள்ளை, நீ சொல்லுறாய் எண்டாச் செய்வம். சும்மா கிடக்கிற நேரம்தானே.”

நோட்டீசிலும் பெயர் போட்டார்: ‘உள்ளூர் இளைஞர்களின் பீலி இசைக்குழு’. ரூபன் அந்த நோட்டீசை என் கடையில் லமினேற் செய்துகொண்டு போனான். அவர்களுக்கு அதுதான் முதல் மேடை. அப்பா வீரையா ஒரு நாளும் மகன் பாடுவதைக் கேட்டதில்லை என்றும், அன்றைக்கு நல்ல சாரம் கட்டிக்கொண்டு வரப்போகிறார் என்றும் சொன்னான்.

மேடைக்குப் பத்து நாள் முன்பு நான் எழுத உட்கார்ந்தேன். மூன்று பேரையும் கடைக்குக் கூப்பிட்டு விபரம் கேட்டேன். முதல் கேள்வி, வழமைபோல, எந்த ஊர் என்பதுதான். ரூபன் தங்கையைப் பார்த்தான். ரஜிதா போட்டோக்கொப்பி மெசினைப் பார்த்தாள்.

“மாங்குளம் எண்டே போடுங்கக்கா,” என்றாள்.

“மாங்குளம் இல்லையே நீங்கள். பவுசர் கடைசியா வாற இடம் நாகம்மாபுரம் எல்லோ?”

நாகம்மாபுரம் என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறிய இடம். வன்னியில் ஒருவரை எந்த ஊர் என்று கேட்பது வழி கேட்பது இல்லை. அந்த ஒரு சொல்லில் நீ யார், உன் அப்பன் யார், உனக்கு எந்தக் கோப்பையில் தேத்தண்ணி தரலாம் என்பது எல்லாம் வந்துவிடும். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என் அம்மா கமலாட்சி கதிரையைக் காட்டுவதற்கு முன்பே கேட்கிற கேள்வி அது. சின்ன வயதிலிருந்து அந்தக் கேள்விக்காக அம்மாவோடு சண்டை பிடித்து வளர்ந்தவள் நான்.

“அக்கா, ஊர மட்டும் போடாதீங்க,” ரஜிதா மறுபடி சொன்னாள். வெளியே எங்களைப் போலவே கதைப்பவள், மனம் பதறினால் வீட்டுப் பேச்சுக்குப் போய்விடுவாள்.

“ஏன், வெக்கமோ?”

“வெக்கம் இல்லக்கா.”

“பிறகென்ன? இப்பிடி ஒளிச்சு ஒளிச்சு இருக்கிறதாலதான் அவங்கள் எங்களை மிதிக்கிறாங்கள். நெஞ்சை நிமித்திச் சொல்ல வேணும். நாகம்மாபுரத்தில இருந்துதான் இந்தப் பாட்டு வந்தது எண்டு எல்லாரும் அறிய வேணும்!”

‘எங்களை’ என்று சொன்னேன். எங்களை யார் மிதித்தார்கள்? எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. காது அடைத்துவிட்டது. ரஜிதா இன்னும் ஏதோ சொன்னாள், நான் அதற்குள் அடுத்த வசனத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

“சரி, உங்க இஷ்டம்,” என்றாள் கடைசியில்.

வெள்ளிக்கிழமை போட்டேன். முதல் வரி: ஊர், நாகம்மாபுரம். நான் எழுதியதிலேயே நல்ல பதிவு அதுதான், இப்போதும் சொல்வேன். ஸ்டோரில் எடுத்த வீடியோவையும் சேர்த்திருந்தேன். எப்போதும் நாற்பது ஐம்பது பேர் விருப்பம் போடுகிற இடத்தில் மூவாயிரம் பேர். கனடா, பிரான்ஸ், சுவிஸ் எல்லாம் பகிர்ந்தது. கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு கருத்தாக வாசித்துப் பூரித்துப்போனேன். அதற்குக் கீழே வேறு கருத்துகளும் வரத் தொடங்கின. ‘இதுகள் தோட்டக்காட்டுச் சனம் எல்லோ’ என்று ஒருவன். ‘கோயில் மேடையை ஆருக்குக் குடுக்கிறது எண்டு ஒரு முறை இல்லையோ’ என்று இன்னொருவன். ஒவ்வொருவனுக்கும் பதிலுக்குக் கிழிகிழியென்று கிழித்தேன். வெற்றி பெற்றுக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

திங்கட்கிழமை மாமா போன் எடுத்தார். “பிள்ளை, பூங்காவனத்தண்டு நேரம் காணாது போல கிடக்கு. அந்தப் பெடியளின்ர நிகழ்ச்சியைப் பிறகு பாப்பம்.”

கடையைப் பூட்டிவிட்டு நேரே கோயில் மைதானத்துக்குப் போனேன். மாமா ஒரு கதிரையில் இருந்து மேடைக்கு இடம் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன நேரம் காணாது? நோட்டீசு அடிச்சாச்செல்லோ?”

“எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை. உபயகாரர் விரும்பேல்லை.”

எங்கள் கோயிலில் பத்து நாள் திருவிழா, ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய செலவு அவர்களுடையது, அன்றைய பேச்சும் அவர்களுடையது. பூங்காவனம் லண்டனில் இருக்கிற குகதாசன் அண்ணையின் உபயம். அந்த இடத்திலேயே நின்று அவருக்கு வாட்ஸப்பில் அழைத்தேன்.

“தங்கச்சி, உன்ர எழுத்து நல்ல எழுத்து,” என்றார். “எனக்கு ஒண்டுமில்லை. நான் இங்க எல்லாரோடயும் பழகிறனான். ஊர்ச்சனம் ஒரு மாதிரிக் கதைக்குமெண்டுதான் யோசிக்கிறன்.”

“ஊர்ச்சனம் எண்டா ஆர் அண்ணை?”

“அது... பொதுவாத்தான்.”

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை,” என்றார். “ஆனாக் கோயில் எண்டா நாலு பேரையும் பாக்கத்தானே வேணும்.”

ஒருவருக்கும் ஒன்றுமில்லை! லண்டனில் இருக்கிறவருக்கு ஒன்றுமில்லை, ஊரில் இருக்கிறவருக்கு ஒன்றுமில்லை, மீன் வெட்டுகிறவருக்கு ஒன்றுமில்லை. இல்லாத அந்த ஒன்று மட்டும் எழும்பி வந்து மூன்று பிள்ளைகளின் பெயரை நோட்டீசில் வெட்டிவிட்டது. யாராவது ஒருவர் ‘ஓம், எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்லியிருந்தால் அவருடைய முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

மறுநாள் திரும்பவும் மாமாவைப் பிடித்தேன். அப்போது அவர் சொன்னதுதான் என்னைக் கொன்றது.

“நீயேன் பிள்ளை ஊரைப் போட்டனீ? ரூபன் எந்த ஊரான் எண்டு எனக்குத் தெரியாதே? தெரிஞ்சுகொண்டுதான் மேடை குடுத்தனான். கண்டும் காணாமல் விட்டனான். பெடியள் பாடியிருக்குங்கள், சனம் கைதட்டியிருக்கும், ஆரும் கேட்டிருக்காயினம். நீ எல்லோ தண்டோரா போட்டனீ.”

“அப்ப ரூபன் வேலைக்கு வரலாமோ?”

“ஏன் வரக்கூடாது? அவனை விட்டா மேடையை ஆர் கட்டுறது?”

பெட்டி தூக்கலாம், மரத்தில் ஏறலாம், மைக்கைத் துடைத்து வைக்கலாம். அந்த மைக்குக்கு முன்னால் மட்டும் நிற்கக்கூடாது. என் காது மறுபடி அடைத்தது. மாமா தொடர்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

நாகம்மாபுரத்துக்கு நான் முதல் தடவை அன்றைக்குத்தான் போனேன். மோட்டார் சைக்கிளில் ஒன்பது மைல். இவ்வளவு வாய் பேசுகிறவள் ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. கடைசி வீட்டு முற்றத்தில் ரஜிதா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். வாளியில் தண்ணீர் அரைவாசிதான் இருந்தது. விசயம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

நான் கத்தத் தொடங்கினேன். கோயிலை, மாமாவை, லண்டனை, சனத்தை எல்லாம் திட்டினேன். மனித உரிமை அலுவலகத்துக்குப் போவோம் என்றேன், இன்னொரு பதிவு எழுதுகிறேன், நார் நாராகக் கிழிக்கிறேன் என்றேன். ரஜிதா கையில் இருந்த சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“போதுங்கக்கா. எங்களுக்காக நீங்க கோவப்பட வேணாம். எங்க கோவம் எங்ககிட்ட இருக்கு.”

“நான் என்ன செய்யிறது சொல்லு. அந்த வரியை எடுத்துப்போடுறன்.”

“எடுத்தா? நானூறு பேரு பகிர்ந்திருக்காங்க. காமன்ற்ல என்னோட ஒரே மெசின் லைன்ல இருக்கிறவ நேத்து கேக்கிறா, நீங்க அங்கயா, சொல்லவேயில்லயே எண்டு. நாலு வருசம் ஒண்டாச் சாப்பிட்டவ. இண்டைக்கு வேற மேசைக்குப் போயிட்டா.” அவள் குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “வெக்கமான்னு கேட்டீங்க. வெக்கமில்ல. எந்த எடத்தில சொல்லணும், எந்த எடத்தில சொல்லக்கூடாதுன்னு எங்களுக்குத் தெரியும். பொறந்ததில இருந்து அதத்தான் பழகுறோம். நீங்க ஒரு தரம் சொல்லிட்டுக் கடையப் பூட்டிட்டு வீட்டுக்குப் போவீங்க. நாங்க சொன்னா அதோடயே இருக்கணும்.”

“ரஜிதா, நான் நல்லதுக்குத்தான்...”

“தெரியும். ஆனா மத்தவங்க எல்லாரும் கேக்கிற அதே கேள்வியத்தான் நீங்களும் முதல்ல கேட்டீங்க.”

அவளுடைய அப்பா வீரையா வாசலில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. யாரோடாவது சண்டை பிடிக்க வேண்டும்போல இருந்தது, பிடிப்பதற்கு என்னைத் தவிர ஒருவரும் அங்கே இருக்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் எதுவும் எழுதவில்லை.

பூங்காவனத்தன்று மத்தியானம் ரஜிதாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘மூன்று மணிக்கு மைக் டெஸ்ட். வரணும்னா வாங்க. போன வெளிய எடுக்காதீங்க.’

மூன்று மணிக்குக் கோயில் மைதானத்தில் ஆட்கள் குறைவு. அன்னதானம் முடிந்து கிடாரம் கழுவுகிற பெண்கள், வெயிலுக்குக் கீழே தூங்குகிற ஐஸ்கிறீம் வான், கச்சான் கடலை வறுத்து விற்கிற ஒருத்தி. மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். மேடை தயாராக இருந்தது. வேப்பமரத்தில் நாலு பக்கமும் பார்க்க நாலு ஸ்பீக்கர் குழாய்கள். எங்கள் கோயிலில் பூசை நடந்தால் மூன்று மைல் சுற்றளவில் வயலில் நிற்கிறவனும் கிணற்றில் குளிக்கிறவனும் கேட்கத்தான் வேண்டும், அதுதான் வழக்கம். சவுண்ட்காரன் மைக் டெஸ்ட் செய்வதும் அப்படித்தான். ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ற், வன், டூ’ என்று ஊருக்கே சொல்லுவான். ஒருவரும் அதைத் தடுப்பதில்லை, யாரும் அனுமதி கேட்பதுமில்லை.

ரூபன் ஜெனரேற்றரின் கயிற்றை இழுத்து ஓடவிட்டான். சுமன் இரவு வரப்போகிறவர்களுக்காகப் பொருத்தி வைத்த ட்ரம்ஸுக்குப் பின்னால் இருந்தான். ரஜிதா பேஸை வழமையைவிட மேல் ஸ்வரங்களில் பிடித்திருந்தாள். அடி ஸ்வரம் குழாயில் எடுபடாது என்று ரூபனுக்குத் தெரியும். இத்தனை வருசம் அந்த மரத்தில் ஏறி இறங்கியவன் அவன்.

“ஹலோ, ஹலோ,” என்றான் ரூபன். “மைக் டெஸ்ற். வன், டூ.” பிறகு மூன்று சொல்லவில்லை. சுமன் அடித்தான்.

நான் ஸ்டோரில் கேட்ட பாட்டு இல்லை அது. குழாய்களில் கிற்றார் தகரத்தைக் கிழிப்பதுபோல வந்தது. சுமன் இந்தத் தடவை ஓடவில்லை. ரூபனின் குரல் மைதானத்தைத் தாண்டி, குளக்கட்டைத் தாண்டிப் போவது எனக்குக் கண்ணுக்குத் தெரிகிறமாதிரி இருந்தது. ‘எங்க வீடு கடைசி வீடு’ என்று அவன் எங்கள் முதல் வீடுகளுக்கெல்லாம் சொன்னான். கிடாரம் கழுவிய பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து நின்று, கையில் சாம்பலோடு, கடைசி வரைக்கும் அசையாமல் கேட்டாள். ஐயர் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். மரநிழலில் படுத்திருந்த ஒருவர் ‘படப்பாட்டு ஏதும் போடுங்கோடா’ என்று கத்தினார். மைதானத்தின் ஓரத்தில், வேலிக்கு வெளியே, புதுச் சாரம் கட்டிய வீரையா நின்றார். அவர் உள்ளே வரவில்லை.

நாலாவது தடவை ‘தீந்து போச்சின்னு சொல்லு’ வரும்போது மாமா மோட்டார் சைக்கிளில் விழுந்தடித்து வந்தார். சட்டை இல்லை, சாரத்தை ஒரு கையால் பிடித்திருந்தார், மீசையில் சோறு. மேடையில் ஏறி மைக் வயரைப் பிடுங்கினார். குழாய்கள் ஒரு கீச்சலோடு செத்தன.

“என்னடா செய்யிறாய்? என்ன இது?”

ரூபன் கிற்றாரைக் கழற்றி மெதுவாக வைத்தான். “மைக் டெஸ்ற் ஐயா. நல்லா வேலை செய்யுது.”

“நாளையில இருந்து நீ வேலைக்கு வரத் தேவையில்லை! ஸ்டோர்ப் பக்கமும் காணக்கூடாது!”

“ஆமா,” என்றான் ரூபன். இத்தனை நாள் அவன் வாயிலிருந்து எங்கள் ‘ஓம்’ தவிர, அவனுடைய வீட்டு ‘ஆமா’வை மாமா கேட்டிருக்க மாட்டார். “நாளைக்கு எதுக்கு? இன்னைக்கே போறேன்.”

மாமா மேடையைப் பார்த்தார், மிக்சரைப் பார்த்தார், நாலு பக்கமும் ஓடுகிற வயர்களைப் பார்த்தார். எந்த வயர் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. இன்னும் நாலு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்துக் குழு வந்து இறங்கும்.

“இண்டைக்கு முடிச்சிட்டுப் போ தம்பி,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “எனக்கு ஒண்டுமில்லை, உனக்குத் தெரியும்தானே.”

“எனக்கும் ஒண்ணுமில்லீங்க ஐயா,” என்றான் ரூபன். “எங்க சாமான மட்டும் எடுத்துட்டுப் போறோம்.”

அவர்களுடைய சாமான் என்று சொல்ல இரண்டு கிற்றார்களும், பழைய பெட்டி ஒன்றும்தான். வேலை போய்விட்டது, பழகுகிற இடமும் போய்விட்டது, அடுத்த மேடை எங்கே என்று கடவுளுக்கும் தெரியாது. அப்படியிருந்தும் சுமன் சிரித்துக்கொண்டு இறங்கினான். ரஜிதா வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மாமாவை நாலு கேள்வி கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. அது அவர்களுடைய சண்டை, அவர்களே அழகாக முடித்துவிட்டார்கள்.

என் போன் அடித்தது. அம்மா. வெளியே எடுக்காதே என்று சொன்னதை நினைத்து ரஜிதாவைப் பார்த்தேன். எடுங்க என்று தலையாட்டினாள்.

“பிள்ளை, இப்ப கோயில் குழாயில பாடினது ஆர்?” அம்மா கேட்டார். குரலில் அப்படி ஓர் ஆசையை நான் கேட்டு எத்தனையோ காலம். “முற்றத்தில உலக்கையையும் பிடிச்சுக்கொண்டு நிண்டு கேட்டனான். அந்தத் தண்ணிப் பாட்டு. எங்களுக்கும் இடம்பெயர்ந்து இருக்கேக்க இப்பிடித்தானே, வரிசையில நிக்க நிக்க முடிஞ்சிடும். நெஞ்சைப் பிடிச்சு உலுப்பிப்போட்டுது. ஏன் இடையில நிப்பாட்டினவங்கள்?”

“வயர் கழண்டிட்டுது அம்மா.”

“திரும்பப் போடச் சொல்லு. நல்ல பிள்ளையள்.” பிறகு, மூச்சு விடுகிறமாதிரி இயல்பாக, “எந்த ஊர்ப் பிள்ளையள்?” என்றார்.

ரஜிதா வயர் சுருட்டுவதை நிறுத்திவிட்டாள். போனில் அம்மாவின் குரல் அவளுக்கும் கேட்டிருக்கிறது. இந்தத் தடவை என் காது அடைக்கவில்லை. கச்சான் வறுக்கிற சத்தம்கூடக் கேட்டது.

“தெரியாதம்மா,” என்றேன். “நான் கேக்கேல்லை.”

“கேக்காமல் என்னெண்டு இருந்தனீ?” அம்மா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

நான் போனை வைத்தேன். ரஜிதா குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்து நின்றாள், நான் போய் மறுபக்கத்தைப் பிடித்தேன்.